நெரிசலில் இருக்கும் பிரதான சேர்வரிலிருந்து ரெப்ளிகேஷன் வேலையை இறக்கி வைப்பது: எது நகரும், எது நகராது?

நெல்மணி (கிளிநொச்சி)

கிளிநொச்சியில் உள்ள ஓர் அரிசி ஆலையின் கணினிப் பகுதியைக் கவனித்து வருகிறேன். மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி, வவுனியா ஆகிய ஐந்து இடங்களில் எங்களுக்கு நெல் கொள்வனவு நிலையங்கள் இருக்கின்றன. கொள்வனவு, களஞ்சிய இருப்பு, கணக்கு எல்லாம் ஆலையிலுள்ள ஒரே எஸ்கியூஎல் சேர்வர் 2019 ஸ்டாண்டர்ட் பதிப்பில் இயங்குகின்றன. நிலையங்களில் எக்ஸ்பிரஸ் பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறது. விவசாயிகளின் பதிவு, முற்பணக் கணக்கு, சாக்குக் கணக்கு, அன்றைய விலை ஆகிய அட்டவணைகள் ட்ரான்ஸாக்ஷனல் ரெப்ளிகேஷன் (ஒரு தரவுத்தளத்தில் நடக்கும் மாற்றங்களைத் தொடர்ந்து மற்றத் தரவுத்தளங்களுக்கு அனுப்பிப் பிரதிசெய்யும் முறை) மூலம் அங்கே போய்ச் சேருகின்றன. கொள்வனவுப் பதிவு மட்டும் வீபிஎன் வழியாக நேரே ஆலைச் சேர்வரில் எழுதப்படுகிறது. இணைப்பு அறுந்த வேளையிலும், நெல்லோடு வந்து நிற்பவருக்கு எவ்வளவு முற்பணம் கழிக்க வேண்டும் என்பதை நிலையத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

காலபோக அறுவடை தொடங்கியதிலிருந்து முற்பகல் பத்து மணிக்குப் பின் சேர்வர் திணறுகிறது. தராசில் எடை விழுந்து, ஈரப்பதன் பதியப்பட்டு, நிறுவைச் சீட்டு அச்சாவதற்கு முன் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. டிராக்டர் வரிசை வாசலைத் தாண்டி ஏ9 வீதியோரம் வரை போய்விடுகிறது. சிபியூ பாதிக்கும் கீழேதான் இருக்கிறது. டிஸ்க் காத்திருப்புத்தான் உச்சத்தில் நிற்கிறது. மென்பொருளைத் தந்தவர்கள் பப்ளிஷரையும் (மாற்றங்கள் பிறக்கும் சேர்வர்) டிஸ்ரிபியூட்டரையும் (அவற்றைச் சேர்த்து வைத்து நிலையங்களுக்கு அனுப்பும் சேர்வர்) ஒரே இயந்திரத்தில், ஒரே டிஸ்க் தொகுதியின் மேல் அமைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இரண்டாவது இயந்திரம் ஒன்று வாங்கித் தருவதற்கு முதலாளி இசைந்திருக்கிறார். டிஸ்ரிபியூட்டரை அதற்கு மாற்றினால் உண்மையில் நிவாரணம் கிடைக்குமா? கிடைக்குமானால், ஐந்து நிலையங்களுக்கும் முழுத் தரவையும் மறுபடி அனுப்பாமல் அதைச் செய்ய வழி இருக்கிறதா?

வாய்க்கால்

தம்பி, "ரெப்ளிகேஷன் வேலை" என்று ஒரே சொல்லில் சொல்லும்போது நான்கு தனித்தனி வேலைகள் அதற்குள் மறைந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

முதலாவது, லொக் ரீடர். பிரதான தரவுத்தளத்தின் ட்ரான்ஸாக்ஷன் லொக்கை (எல்லா மாற்றங்களும் வரிசையாகப் பதியப்படும் கோப்பு) தொடர்ந்து வாசித்து, ரெப்ளிகேஷனுக்கு உரியவை என்று குறிக்கப்பட்ட மாற்றங்களை எடுப்பது இது. இரண்டாவது, எடுத்தவற்றை டிஸ்ரிபியூஷன் தரவுத்தளத்தில் எழுதி வைப்பது. மூன்றாவது, ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிய டிஸ்ரிபியூஷன் ஏஜென்ட் அங்கிருந்து வாசித்து, நிலையத்தில் கொண்டுபோய்ப் போடுவது. நான்காவது, காலம் கடந்த கட்டளைகளை அழிக்கும் துப்புரவு வேலை. இது இயல்பாக 10 நிமிடங்களுக்கு ஒரு முறை ஓடும்.

எல்லாம் ஒரே இயந்திரத்தில் இருக்கும்போது, முற்பணக் கணக்கில் ஒரு நிரை மாறினால் அந்த மாற்றம் முதலில் உங்கள் தரவுத்தளத்தின் லொக்கிலும் பின்னர் அதன் தரவுக் கோப்பிலும் எழுதப்படுகிறது. லொக்கிலிருந்து மீண்டும் வாசிக்கப்பட்டு, டிஸ்ரிபியூஷன் தரவுத்தளத்தின் லொக்கிலும் தரவுக் கோப்பிலும் எழுதப்படுகிறது. ஐந்து ஏஜென்ட்கள் அதை ஐந்து தடவை வாசிக்கின்றன. கடைசியில் அது அழிக்கப்படும்போது, அந்த அழிப்பும் இன்னொரு லொக் பதிவாகிறது. டிஸ்க் காத்திருப்பு உச்சத்தில் நிற்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன்.

டிஸ்ரிபியூட்டரை வேறு இயந்திரத்துக்குக் கொண்டுபோனால் இரண்டாவதும் மூன்றாவதும் நான்காவதும் முழுமையாக நகரும். முதலாவது அரைகுறையாகவே நகரும். லொக் ரீடர் என்ற நிரல் புதிய இயந்திரத்தில் ஓடினாலும், லொக்கை வாசித்துத் தரும் உள் நடைமுறை பப்ளிஷருக்குள்ளேதான் ஓடுகிறது. நிரை வடிகட்டிகள் வைத்திருந்தால் அவற்றைச் சோதிக்கும் செலவும் பப்ளிஷரின் தலையிலேயே விழும். ஸ்னாப்ஷொட்டும் (ஒரு நிலையத்தைத் தொடக்குவதற்கு எடுக்கும் முழுத் தரவுப் பிரதி) அப்படித்தான்: ஏஜென்ட் எங்கிருந்து ஓடினாலும் அது வாசிப்பது உங்கள் அட்டவணைகளையே.

இயந்திரம் வாங்க முன்னர் இரண்டு விடயங்களைப் பார்த்து எழுதுங்கள். ரெப்ளிகேஷன் மொனிட்டரில் ட்ரேசர் டோக்கன் (தாமதத்தை அளக்கும் சோதனைக் குறி) ஒன்றை அனுப்பினால், பப்ளிஷரிலிருந்து டிஸ்ரிபியூட்டர் வரை எவ்வளவு நேரம், அங்கிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகக் காட்டும். அடுத்ததாக, பப்ளிகேஷனின் "இமீடியட் சிங்க்" அமைப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

பாலைமரம் (வவுனியா)

வாய்க்கால் அண்ணை சொன்ன கணக்கு சரி. ஆனால் நகர்த்துவதால் வரும் புதிய பொறுப்பை அவர் இன்னும் சொல்லவில்லை என்பதால் நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

லொக் ரீடர் ஒரு மாற்றத்தை வாசித்து டிஸ்ரிபியூட்டரிடம் ஒப்படைக்கும் வரை, பிரதான தரவுத்தளத்தின் லொக்கில் அந்த இடம் விடுவிக்கப்படாது. ரிக்கவரி மொடல் (லொக்கை எப்படிப் பேணுவது என்ற அமைப்பு) "சிம்பிள்" ஆக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. லொக் பக்கப் எத்தனை தடவை எடுத்தாலும், ஏன் விடுபடவில்லை என்று கேட்டால் "ரெப்ளிகேஷன்" என்ற ஒற்றைச் சொல்லே பதிலாக வரும். துருசின் திறப்பை வேறு ஊரில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு மழைக்காலத்தில் குளக்கட்டில் நிற்பது போன்ற நிலை அது. இன்று டிஸ்ரிபியூட்டர் அதே இயந்திரத்தில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே விழுகின்றன, சேர்ந்தே எழுகின்றன. நாளை, புதிய இயந்திரத்தின் யூபிஎஸ் மட்டும் செத்துப்போனால், ஆலை வழமைபோல் நெல் வாங்கிக்கொண்டிருக்கும். லொக் கோப்பு சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். டிஸ்க் நிரம்பியதும் தராசடியே நின்றுபோகும். இன்று இருப்பது தாமதம். நீங்கள் வாங்கப்போவதில் முழு நிறுத்தத்துக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது.

அடுத்தது காசு. எக்ஸ்பிரஸ் பதிப்பு சப்ஸ்கிரைபராக (தரவைப் பெறும் பக்கமாக) மட்டுமே இருக்க முடியும். டிஸ்ரிபியூட்டராக அதை அமைக்க முடியாது. டெவலப்பர் பதிப்பில் எல்லாம் வேலை செய்யும் என்றாலும் நிறுவனத்தின் அன்றாட வேலைக்கு அதன் லைசன்ஸ் இடம் தராது. ஆகவே இரண்டாவது ஸ்டாண்டர்ட் லைசன்ஸ் வாங்க வேண்டும். டிஸ்ரிபியூட்டரின் பதிப்பு பப்ளிஷரின் பதிப்பைவிடக் குறைந்ததாகவும் இருக்கக்கூடாது. எங்காவது மூலையில் கிடக்கும் பழைய 2016 சேர்வரை எடுத்துப் பூட்டலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

என்னுடைய யோசனை மலிவானது. அதே இயந்திரத்தில் இரண்டு எஸ்எஸ்டிகளை மிரராகப் பூட்டி, டிஸ்ரிபியூஷன் தரவுத்தளத்தின் கோப்புகளை மட்டும் அதற்கு நகர்த்திப் பாருங்கள். சிபியூ பாதிக்குக் கீழே என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; டிஸ்க்கில் உள்ள வலிக்கு முழு இயந்திரத்தை மருந்தாகக் கொடுக்க வேண்டுமா?

நெல்மணி (கிளிநொச்சி)

இருவருக்கும் நன்றி. கேட்டவற்றைப் பார்த்தேன்.

ட்ரேசர் டோக்கன் பப்ளிஷரிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குச் சில செக்கன்களில் போய்விடுகிறது. நெரிசலான வேளையிலும் அது பெரிதாக மாறவில்லை. வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் அடுத்த பகுதியும் விரைவுதான், அங்கே பைபர் இணைப்பு இருக்கிறது. ஒட்டுசுட்டானும் நெடுங்கேணியும் 4ஜி ரவுட்டரில் ஓடுகின்றன. பிற்பகலில் அவை மிகவும் பின்தங்கிவிடுகின்றன.

"இமீடியட் சிங்க்" செயற்பாட்டில் இருக்கிறது. டிஸ்ரிபியூஷன் தரவுத்தளத்தின் அளவைப் பார்த்தபோது திகைத்துவிட்டேன்: அது எங்கள் பிரதான தரவுத்தளத்தைவிடப் பெரியது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நண்பகலில் மென்பொருள் ஒரு வேலையை ஓட்டுகிறது. எல்லா விவசாயிகளின் முற்பணக் கணக்கிலும் அன்றைய நிலுவையை மறுபடி கணக்கிட்டு எழுதும் ஒரே ஒரு அப்டேட் கூற்று அது. தொகை மாறாத நிரைகளிலும் அதே தொகையைத் திரும்ப எழுதுகிறது. திரை மிக மோசமாக உறைவது அதற்குப் பின்னர்தான்.

வாய்க்கால்

இந்த இரண்டும் எனக்குப் போதும். இயந்திரத்தைப் பற்றிய பேச்சைச் சற்றுத் தள்ளி வைப்போம்.

டிஸ்ரிபியூஷன் தரவுத்தளத்தில் கட்டளைகளை வைத்திருக்கும் உச்சக் காலம் இயல்பாக 72 மணித்தியாலம். "இமீடியட் சிங்க்" நிறுத்தப்பட்டிருந்தால், எல்லா நிலையங்களுக்கும் போய்ச் சேர்ந்த கட்டளை அடுத்த துப்புரவிலேயே நீக்கப்படும். அது செயற்பாட்டில் இருந்தால், புதிதாக வரும் ஒரு சப்ஸ்கிரைபர் பழைய ஸ்னாப்ஷொட்டிலிருந்தே தொடங்கலாம் என்பதற்காக, எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட கட்டளைகளும் 72 மணித்தியாலமும் அங்கேயே கிடக்கும். நிலையம் ஒன்றைப் புதிதாகத் திறப்பது உங்களுக்கு வருடத்தில் ஒருமுறை வருமோ என்னவோ. அந்த ஒரு நாளுக்காக அறுவடைக் காலம் முழுவதும் மூன்று நாள் குப்பையைச் சுமக்கிறீர்கள். பப்ளிகேஷன் விசார்டில் "ஸ்னாப்ஷொட்டை உடனே உருவாக்கித் தயாராக வைத்திரு" என்ற கட்டத்தில் சரி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் இது தானாகச் செயற்பாட்டுக்கு வந்துவிடும். அமைத்தவர்கள் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நிறுத்தும்போது ஒழுங்கு முக்கியம். முதலில் அநாமதேயச் சப்ஸ்கிரைபர்களை அனுமதிக்கும் அமைப்பை நிறுத்த வேண்டும். அது இருக்கும் வரை "இமீடியட் சிங்க்" நிறுத்தப்பட மறுக்கும். நிறுத்திய பின் வரும் முதல் துப்புரவு பெருந்தொகையான கட்டளைகளை அழிக்க முயலும். அதுவே ஒரு பெரிய டிஸ்க் வேலை. ஆகவே இரவில், தராசு ஓய்ந்த பின் செய்யுங்கள்.

நண்பகல் வேலையைப் பொறுத்தவரை, ஒரே கூற்று பத்தாயிரம் நிரைகளை மாற்றினால் டிஸ்ரிபியூஷனில் பத்தாயிரம் கட்டளைகள் விழும் என்பதை நினைவில் வையுங்கள். எழுதியவருக்கு அது ஒரு வரி. ரெப்ளிகேஷனுக்கு அது பத்தாயிரம் தனித்தனிக் கட்டளைகள். 4ஜி இணைப்பில் இருக்கும் நிலையத்துக்கு அவை அத்தனையும் வரிசையில் நின்று போக வேண்டும். அதற்குப் பின் வரும் விலை மாற்றம்கூட அந்த வரிசையின் பின்னால்தான் நிற்கும். தொகை உண்மையிலேயே மாறிய நிரைகளை மட்டும் தொடும்படி ஒரு நிபந்தனையைச் சேர்த்துத் தருமாறு மென்பொருள்காரரிடம் கேளுங்கள். அவர்கள் மறுத்தால், அந்த வேலை ஸ்டோர்ட் ப்ரொசீஜராக (தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்த நிரலாக) இருக்கும் பட்சத்தில், நிரைகளுக்குப் பதிலாக ப்ரொசீஜரின் அழைப்பையே ரெப்ளிகேட் செய்யும் வசதி இருக்கிறது. ஐந்து நிலையங்களும் ஒரே அழைப்பைப் பெற்றுத் தாமே கணக்கிட்டுக்கொள்ளும். ஆனால் அந்த ப்ரொசீஜர் வாசிக்கும் அட்டவணைகள் அனைத்தும் நிலையங்களிலும் அப்படியே இருக்க வேண்டும். உங்கள் கொள்வனவு அட்டவணை அங்கே போவதில்லை என்று எழுதியிருப்பதால், உங்களுக்கு அது பொருந்தாது என்றே படுகிறது.

முறிகண்டி

இடையில் ஒரு கேள்வி. புஷ் முறையை (டிஸ்ரிபியூட்டர் பக்கமிருந்து அனுப்புவது) விட்டுவிட்டு எல்லா நிலையங்களையும் புல் முறைக்கு (நிலையமே வந்து எடுப்பது) மாற்றினால், ஏஜென்ட்கள் நிலையக் கணினிகளில் ஓடும் அல்லவா? டிஸ்ரிபியூட்டரை அசைக்காமலேயே மூன்றாவது வேலை பிரதான சேர்வரை விட்டுப் போய்விடுமே?

ஏ9 பயணி

ஏஜென்ட் நிரல் போய்விடும். அது வாசிக்க வேண்டிய டிஸ்ரிபியூஷன் தரவுத்தளம் பழைய இடத்திலேயே இருக்கும். எனவே டிஸ்க்குக்குக் கிடைக்கும் ஆறுதல் சிறிது.

இந்த நிலையங்களைப் போன்ற இடங்களுக்கு நான் பராமரிப்புக்குப் போய் வருபவன் என்பதால் நடைமுறைச் சிக்கலையும் சொல்கிறேன். எக்ஸ்பிரஸ் பதிப்பில் எஸ்கியூஎல் சேர்வர் ஏஜென்ட் கிடையாது. புல் முறையில் டிஸ்ரிபியூஷன் ஏஜென்ட்டை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டு ஓட்ட வேண்டும். நெல் தூசு படிந்த கணினி மின்வெட்டில் அணைந்து எழுந்து, ஷெட்யூலரில் உள்ள பயனர் கணக்கின் கடவுச்சொல் மாறியிருந்தால், ஏஜென்ட் ஓடவில்லை என்பதே யாருக்கும் தெரியாது. அதைத் திருத்த நான் நெடுங்கேணி வரை மோட்டார் சைக்கிளில் போக வேண்டும். புஷ் முறையில் எல்லாம் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும்.

புல் முறைக்கு ஒரு நன்மை இருக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. புஷ் முறையில் ஏஜென்ட் தூரத்திலிருந்தபடி நிலையத்தில் கட்டளைகளை நிறைவேற்றுவதால், மறுமொழி தாமதமான இணைப்பில் ஒவ்வொரு போக்குவரவுக்கும் காத்திருக்கிறது. புல் முறையில் கட்டளைகளைத் தொடராக வாசித்து எடுத்து, உள்ளூரிலேயே போடுகிறது. ஆகவே ஒட்டுசுட்டான், நெடுங்கேணி இரண்டையும் மட்டும் புல் முறையில் வைத்துப் பார்ப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

உப்புக்காற்று (முல்லைத்தீவு)

நாங்கள் போஸ்ட்கிரஸும் மைஎஸ்கியூஎல்லும் வைத்திருப்பவர்கள். ஆனாலும் பாலைமரம் எழுப்பிய லொக் பிரச்சினையை ஒவ்வொரு தரவுத்தளமும் எப்படித் தீர்க்கிறது என்று பார்த்தால் இந்தத் தீர்மானத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

போஸ்ட்கிரஸில் 2012இல் வந்த 9.2 பதிப்பிலிருந்து ஒரு பிரதி தனக்குக் கீழே வேறு பிரதிகளை வைத்துக்கொள்ளலாம். பிரதான சேர்வர் ஒரே ஒரு பிரதிக்கு மட்டும் வால் (WAL, அதன் ட்ரான்ஸாக்ஷன் லொக்) பதிவுகளை அனுப்ப, மற்ற எல்லோரும் அந்தப் பிரதியிடம் பெற்றுக்கொள்வார்கள். குறிப்பிட்ட அட்டவணைகளை மட்டும் அனுப்பும் லொஜிக்கல் ரெப்ளிகேஷனுக்கு இந்த வசதி நெடுங்காலம் இருக்கவில்லை; லொக்கைப் பிரித்து வாசிக்கும் சிபியூ வேலை முழுவதும் பிரதான சேர்வரிலேயே நடந்தது. 2023இல் வந்த 16ஆவது பதிப்புத்தான் அதைப் பிரதியில் செய்ய அனுமதித்தது. வாசித்துப் பிரிக்கும் வேலையும் நகர்வது அங்கே உண்டு. உங்களிடம் அது இல்லை.

மைஎஸ்கியூஎல்லில் ஒவ்வொரு பிரதிக்கும் பிரதான சேர்வரில் ஒரு த்ரெட் நின்று பைனரி லொக்கை அனுப்புகிறது. இடையில் ஒரு பிரதியை வைத்து, தான் பெற்றதைத் தன் பைனரி லொக்கிலும் எழுதச் செய்தால், பிரதான சேர்வருக்கு ஒரு த்ரெட்டோடு வேலை முடிந்துவிடும்.

இனி, எதிர்முனை செத்துப்போனால் யார் இழப்பைத் தாங்குவது என்ற கேள்வி. மைஎஸ்கியூஎல்லின் பிரதான சேர்வர் யாருக்காகவும் காத்திருக்காது, 8.0இல் பைனரி லொக் இயல்பாக 30 நாட்களில் காலாவதியாகும், அதற்குள் வராத பிரதி அறுந்துபோகும். போஸ்ட்கிரஸில் ரெப்ளிகேஷன் ஸ்லொட் (பிரதி இன்னும் பெறாத பதிவுகளைப் பேணி வைக்கும் அமைப்பு) வைத்தால் உங்களைப் போலவே பிரதான சேர்வர் தன் டிஸ்க் நிரம்பும் வரை காத்திருக்கும். 13ஆவது பதிப்பிலிருந்து அதற்கு ஓர் உச்ச அளவு வைக்கலாம், அதைத் தாண்டினால் ஸ்லொட் கைவிடப்படும். எஸ்கியூஎல் சேர்வரில் லொக் ரீடருக்கு அப்படித் தானாகக் கைவிடும் அமைப்பு இல்லை. ஆகவே டிஸ்ரிபியூட்டர் எழும்பாத நாளில் ரெப்ளிகேஷனைக் கைவிடுவதா, காத்திருப்பதா என்ற முடிவை உங்களில் ஒருவர் எடுக்க வேண்டும். அந்த எல்லையை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

நெல்மணி (கிளிநொச்சி)

"இமீடியட் சிங்க்" நிறுத்தப்பட்டுவிட்டது. டிஸ்ரிபியூஷன் தரவுத்தளத்தில் கிடக்கும் கட்டளைகளின் தொகை அடையாளம் தெரியாமல் குறைந்துவிட்டது. நண்பகல் வேலையில் நிபந்தனை சேர்ப்பதற்கு மென்பொருள்காரர் முதலில் "எல்லாரும் இப்படித்தான் பாவிக்கிறார்கள்" என்றார்கள். கட்டளைகளின் எண்ணிக்கையைப் படமெடுத்து அனுப்பிய பின் செய்து தந்தார்கள்.

உறைவு பெருமளவு குறைந்துவிட்டது. முற்றாக நிற்கவில்லை: பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை, துப்புரவு ஓடும் ஒவ்வொரு முறையும் நிறுவைச் சீட்டு ஓரிரு செக்கன் தயங்குகிறது. அடுத்த காலபோகத்துக்குள் இன்னும் இரண்டு நிலையங்கள் திறக்கும் திட்டம் இருக்கிறது. அவற்றையும் கணக்கில் எடுத்து, லைசன்ஸ் செலவோடு சேர்த்து முதலாளியிடம் விளக்கினேன். டிஸ்ரிபியூட்டரை நகர்த்துவதற்கே முடிவாகியிருக்கிறது. அறுவடை ஓய்ந்து சிறுபோக நெல் வர முன்னர் செய்ய எண்ணுகிறேன்.

ஒரு பயம் இருக்கிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்கள் இருந்த நிலை எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படியொரு வேளையில் ஒரு நிலையம் 72 மணித்தியாலத்துக்கு மேல் இணைப்பில்லாமல் இருந்தால் என்ன நடக்கும்?

வாய்க்கால்

அந்த நிலையத்தின் சந்தா (சப்ஸ்கிரிப்ஷன்) செயலிழந்ததாகக் குறிக்கப்படும். பிறகு இணைப்பு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, ஸ்னாப்ஷொட் எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். 4ஜி ரவுட்டரில் அது எவ்வளவு பாடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உச்சக் காலத்தை 168 மணித்தியாலமாக, அதாவது ஒரு கிழமையாக உயர்த்துங்கள். "இமீடியட் சிங்க்" நிறுத்தப்பட்டிருப்பதால் வழமையான நாட்களில் இதற்கு விலை எதுவும் இல்லை. ஒரு நிலையம் உண்மையில் அறுந்திருக்கும்போது மட்டுமே கட்டளைகள் சேரும். சந்தாவே நீக்கப்படுவதற்கான காலம் வேறு. அது பப்ளிகேஷனின் அமைப்பு, இயல்பாக 336 மணித்தியாலம்.

இனி நகர்த்தும் முறை. டிஸ்ரிபியூட்டரை இருக்கும் இடத்திலிருந்து தூக்கி வேறிடத்தில் வைக்க எஸ்கியூஎல் சேர்வரில் வழி இல்லை. ரெப்ளிகேஷனைக் கழற்றி, புதிய இயந்திரத்தில் டிஸ்ரிபியூட்டரை அமைத்து, மறுபடி பூட்ட வேண்டும். முதலில் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவிலிருந்து முழு அமைப்பையும் ஸ்கிரிப்டாக எடுத்து வையுங்கள். கடவுச்சொற்கள் அதில் வராது; அவற்றைத் தனியாக எழுதி வைக்க வேண்டும். அட்டவணை ஒவ்வொன்றுக்கும் உரிய அமைப்புகளை அந்த ஸ்கிரிப்டில் ஒருமுறை கண்ணால் வாசியுங்கள்; யாரோ எப்போதோ ஒரு நிரலை (கொலம்) விலக்கியிருந்தால் அது அங்கேதான் தெரியும்.

நாள் அன்று, எல்லோரையும் மென்பொருளிலிருந்து வெளியேற்றி எழுத்துகளை நிறுத்துங்கள். ஐந்து நிலையங்களுக்கும் போகாமல் மிஞ்சியிருக்கும் கட்டளை பூச்சியம் என்று ரெப்ளிகேஷன் மொனிட்டரில் பார்த்த பின்னரே எதையும் கழற்ற வேண்டும். பின்னர் சந்தாக்கள், பப்ளிகேஷன், பழைய டிஸ்ரிபியூட்டர் என்ற ஒழுங்கில் நீக்குங்கள். புதிய இயந்திரத்தில் டிஸ்ரிபியூஷன் தரவுத்தளத்தை உருவாக்கி, ஆலைச் சேர்வரை அதன் பப்ளிஷராகப் பதிவுசெய்து, இரண்டு பக்கமும் ஒரே நிர்வாகக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். ஸ்னாப்ஷொட் கோப்புறை இனி ஒரு வலையமைப்புப் பகிர்வாக இருக்க வேண்டும். சீ டிரைவ் பாதை கொடுத்தால் மற்ற இயந்திரத்துக்கு அது பொருளற்றது. நிலையங்களின் பெயர்களையும் கவனியுங்கள்: ரெப்ளிகேஷன் சேர்வரின் உண்மையான பெயரையே கேட்கும், ஐபி முகவரி கொடுத்தால் மறுத்துவிடும். வீபிஎன்னில் பெயர்த் தீர்வு இல்லையென்றால் புதிய இயந்திரத்தின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஐந்து பெயர்களையும் எழுதி வையுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் வருகிறது. சந்தாவைச் சேர்க்கும்போது தொடக்க வகையை "ரெப்ளிகேஷன் சப்போர்ட் ஒன்லி" என்று கொடுத்தால், தரவு நிலையத்தில் ஏற்கெனவே சரியாக இருக்கிறது என்று அது ஏற்றுக்கொண்டு, தேவையான ப்ரொசீஜர்களை மட்டும் அங்கே உருவாக்கும். தரவு ஒன்றும் போகாது. நிலையத்தில் உள்ள தரவு சரியாக இருக்கிறதா என்று அது சரிபார்ப்பதும் இல்லை. எழுத்துகளை நிறுத்தச் சொன்னதன் காரணம் அதுதான். முடிந்ததும் ட்ரேசர் டோக்கன் அனுப்பிப் பார்த்து, பப்ளிகேஷன் சரிபார்ப்பை ஓட்டி, நிரை எண்ணிக்கையும் செக்சம்மும் (தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகின்றன என்று கண்ட பின் ஆட்களை உள்ளே விடுங்கள்.

பாலைமரம் (வவுனியா)

முடிவாகிவிட்டதால் என் மறுப்பை நிபந்தனைகளாக மாற்றித் தருகிறேன்.

புதிய இயந்திரம் ஆலைச் சேர்வரின் அதே ஸ்விட்சில், அதே யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஜெனரேற்றர் எழும்பும் இடைவெளியில் ஒன்று மட்டும் விழுவதைவிட இரண்டும் சேர்ந்து விழுவது இங்கே நல்லது. பிரதான தரவுத்தளத்தின் லொக் கோப்புக்கு, டிஸ்ரிபியூட்டர் ஒரு முழு அறுவடை நாள் இல்லாமல் போனாலும் தாங்கும் அளவு இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். சிறுசிறு துண்டுகளாக வளர விட்டால் லொக்கின் உட்பகுதிகள் ஆயிரக்கணக்கில் பெருகி லொக் ரீடரே மெதுவாகிவிடும். லொக் அறுபது வீதம் நிரம்பியதும் உங்கள் கைபேசிக்கு ஒரு செய்தி வர வேண்டும்.

டிஸ்ரிபியூஷன் தரவுத்தளத்துக்கு "சிங்க் வித் பக்கப்" என்றொரு அமைப்பு இருக்கிறது. அதைச் செயற்படுத்தினால், டிஸ்ரிபியூஷன் பக்கப் எடுக்கப்படும் வரை பிரதான லொக் விடுபடாது. பாதுகாப்புக் கூடும் என்பது உண்மை. உங்கள் இடத்தில் நான் அதைத் தொட மாட்டேன். டிஸ்ரிபியூட்டரை இழந்தால் மறுபடி அமைத்துக்கொள்ளலாம்.

நெல்மணி (கிளிநொச்சி)

பூரணை விடுமுறையன்று ஆலை மூடியிருந்த வேளையில் மாற்றி முடித்தோம். எழுத்து நிறுத்தியதிலிருந்து சரிபார்ப்பு வரை ஒரு முற்பகலுக்குள் அடங்கிவிட்டது. புதுக்குடியிருப்பில் மட்டும் செக்சம் ஒத்துப்போகவில்லை. தேடிப் பார்த்தபோது, நிலையத்தில் யாரோ சாக்குக் கணக்கில் ஒரு நிரையை நேரடியாகவே திருத்தியிருந்தது தெரிய வந்தது. அந்த ஒன்றைக் கையால் சரிசெய்தோம். நிலையங்களில் உள்ள பயனர்களின் எழுதும் உரிமையை இப்போது எடுத்துவிட்டேன்.

டிஸ்ரிபியூட்டரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு லொக் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்றும், அறுபது வீதச் செய்தி கைபேசிக்கு வருகிறதா என்றும் பார்த்தேன், வருகிறது. ரெப்ளிகேஷனைக் கைவிடும் எல்லையாக லொக் டிஸ்க்கின் எண்பத்தைந்து வீதத்தை எழுதி, ஆலைக் கணக்காளரிடமும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன்.

சிறுபோக நெல் வரத் தொடங்கிவிட்டது. துப்புரவின்போது ஏற்பட்ட தயக்கம் இல்லை. ஒன்று மட்டும் புரியவில்லை: ஞாயிறு இரவுப் பராமரிப்புக்குப் பின், திங்கள் அதிகாலை வரை பப்ளிஷரிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் டோக்கன் வெகுநேரம் தாமதிக்கிறது. முன்னர் அந்தப் பகுதிதான் எப்போதும் வேகமாக இருந்தது.

வாய்க்கால்

பராமரிப்பில் எல்லா இன்டெக்ஸ்களையும் (தேடலை விரைவாக்கும் சுட்டிகள்) மறுகட்டமைக்கிறீர்கள் போலும். இன்டெக்ஸ் மறுகட்டமைப்பு நிலையங்களுக்குப் போவதில்லை. ஆனால் அது லொக்கில் எழுதும் அத்தனையையும் லொக் ரீடர் கடந்தே ஆக வேண்டும், தனக்குரியது ஒன்றுமில்லை என்று காண்பதற்காகவாவது. டிஸ்ரிபியூட்டரை எங்கே வைத்தாலும் இந்த வேலை உங்கள் லொக் டிஸ்க்கை விட்டு நகராது. உண்மையில் சிதைந்திருக்கும் இன்டெக்ஸ்களை மட்டும் தெரிவுசெய்யும்படி பராமரிப்பு வேலையை மாற்றுங்கள். பெரிய அட்டவணைகளைக் கிழமைக்கு ஒன்றாகப் பிரித்துப் போடுங்கள். திங்கள் காலை விலை மாற்றம் ஏழு மணிக்கு முன் ஒட்டுசுட்டானுக்குப் போய்ச் சேருகிறதா என்று அடுத்த கிழமை எழுதுங்கள்.